அம்மாவை முதலில் கோழியை விடச் சொல்

நாமக்கல்

அன்புள்ள கயல்,

வீட்டில் முட்டையும் பாலும் இருக்கும்வரை லீவுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாயாம். உன் அம்மா போனில் சொன்னாள்.

நீ வீகன் ஆனதில் எனக்குச் சந்தோஷம்தான். இந்த ஊரில் இருந்துகொண்டு நீ சொல்வதை நான் மறுக்க முடியுமா? கூண்டில் அடைத்த முட்டைக் கோழிக்குச் சிறகை விரிக்கக்கூட இடமில்லை. அந்த ரகத்தில் பொரிக்கும் சேவல் குஞ்சு முட்டையும் போடாது, கறிக்கும் எடை ஏறாது. அதனால் பொரித்த கையோடு கொன்றுவிடுகிறார்கள். தப்பியதில் சிலதுதான் சாயம் பூசித் திருவிழாவில் விற்பனைக்கு வருகிறது. பாலும் அப்படித்தான். மாடு கன்று போட்டால்தான் பால். காளைக்கன்று என்றால் அதை வைத்து வளர்ப்பவர்கள் குறைவு.

ஆனாலும் அம்மாவை எல்லாவற்றையும் ஒரே நாளில் விடச் சொல்லாதே. 1944-இல் இங்கிலாந்தில் வீகன் சங்கத்தைத் தொடங்கிய டொனால்ட் வாட்சன் சிறுவயதிலேயே இறைச்சியை விட்டவர். அவருக்கே பாலை விடப் பல வருடம் பிடித்தது. அந்த அவகாசத்தை அம்மாவுக்கும் கொடு. புரட்டாசி முழுக்கக் கவுச்சி புழங்காத வீடு உங்களுடையது. வெறும் விரதம்தானே என்று அதை ஒதுக்காதே. ஒரு மாதம் இருக்க முடிந்தவளால் இரண்டு மாதமும் இருக்க முடியும்.

எதை முதலில் குறைப்பது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. மட்டன் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து உங்கள் வீட்டில் சிக்கன்தான். ஓர் ஆட்டில் பத்துக் கிலோ கறி தேறும். ஒரு பிராய்லரில் ஒன்றரைக் கிலோ தேறினால் அதிகம். ஓர் ஆட்டுக்குப் பதில் ஆறேழு கோழி சாகிறது, அதுவும் ஒன்றரை மாதம்கூட வாழாத கோழி. இதைக் குறைத்ததாக எப்படிச் சொல்வது? கோழியும் முட்டையும் முதலில் போகட்டும். பால் கடைசி. காபி இல்லாமல் உன் அம்மாவுக்குப் பொழுது விடியாது.

படிப்படியாக என்றால் பாதியில் நின்றுவிடுவார்கள் என்பாய். நிற்பவர்கள் உண்டுதான். ஆனால் ஒரேயடியாக விட்டு, சீக்கிரமே பழையபடி திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் பிறகு அந்தப் பேச்சையே காதில் வாங்குவதில்லை.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காய்கறி, பருப்பில் பி12 கிடையாது, மாத்திரையை நிறுத்திவிடாதே.

பொங்கலுக்கு வீட்டுக்குப் போ. தேங்காய்ப்பால் ஊற்றி, நெய் இல்லாமல் சர்க்கரைப் பொங்கல் நீயே செய்து அம்மாவுக்குக் கொடு.

அன்புடன்,
சித்தி