இத்தனை நாள் எங்கே?



கடந்த சனிக்கிழமை அதிகாலையில் உங்கள் போதகர் அரை மாரத்தான் ஓடினார் என்ற செய்தி, மறுநாள் ஆராதனைக்கு முன்னரே உங்களில் பலருக்கு எட்டிவிட்டது. பிரசங்க மேடையின் மூன்று படிகளை நான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறியதைக் கண்டு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் சிரித்ததையும் கவனித்தேன். தூரம் 21.1 கிலோமீட்டர், நேரம் 2 மணி 58 நிமிடம். முன்பு இதே தூரத்தை 2 மணி 5 நிமிடத்தில் ஓடியவன் நான். அந்தப் பழைய கணக்கை இங்கே எழுதாமல் விட முடியவில்லை என்பதிலிருந்தே என் பெருமை இன்னும் சாகவில்லை என்று அறிந்துகொள்வீர்கள்.

9 ஆண்டுகளாக ஏன் ஓடவில்லை என்று கேட்டவர்களிடம், போட்டிகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடப்பதால் ஊழியத்திற்கு இடையூறாகிறது என்று சொல்லிவந்தேன். அது பொய்யல்ல, முழு உண்மையும் அல்ல. கடைசியாக ஓடிய போட்டியில் 16ஆவது கிலோமீட்டரில் முழங்கால் மறுத்துவிட்டது. ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு பின்னால் வரும் வேனில் அமர்ந்து முடிவிடத்தை அடைந்தேன். வீட்டிற்கு வந்ததும் காலணிகளைப் பரணில் போட்டேன். வெட்கத்திற்கு ஊழியம் என்று பெயர் சூட்டுவது எங்களைப் போன்றவர்களுக்கு எளிது.

சென்ற ஆண்டு, இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருப்பதைக் கண்ட மருத்துவரின் சொல்லுக்குப் பயந்து மீண்டும் மெரினாவுக்குச் சென்றேன். முதல் நாள், உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரைகூட ஓட முடியவில்லை. நெடுநாள் கழித்து ஓடுபவனை ஏமாற்றுவது அவனுடைய மூச்சுதான். இருதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறத் தொடங்கிவிடும். தசைநாண்களுக்கோ மாதங்கள் வேண்டும். மூச்சை நம்பிப் பழைய வேகத்தில் ஓடியவர்களே பெரும்பாலும் காயப்படுகிறார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலவே, சிறிது ஓடி, சிறிது நடந்து, மீண்டும் ஓடும் முறையைப் பரப்பியவர். ஒரு காலத்தில் அதைக் கேலி செய்த நான், 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று கைக்கடிகாரத்திற்குக் கீழ்ப்படியக் கற்றுக்கொண்டேன்.

அந்த முதல் நாளில் நடந்த வேறொன்றையே உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பழைய ஓட்டத் தோழர்கள் எதிரே வருவதைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்ன சொல்வது என்று மனதில் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர்களில் மூத்தவர், எழுபதைத் தாண்டியவர், என்னிடம் ஓடிவந்து, “ஐயா, தண்ணீர் கொண்டுவரவில்லையா?” என்று தம் பாட்டிலை நீட்டினார். எங்கே போயிருந்தீர்கள் என்று அன்றும் கேட்கவில்லை, இன்றுவரையும் கேட்கவில்லை.

ஓட்டம் என்றால் பிரசங்கிகள் பவுலையே நாடுவோம். எனக்கோ லூக்கா 15ஆம் அதிகாரமே நினைவுக்கு வந்தது. கெட்ட குமாரன் உவமையில் ஓடுகிறவர் ஒருவர்தான். அவர் வயதான தகப்பன். அக்காலத்தில் மதிப்புள்ள ஒரு முதியவர் பிறர் காண ஓடுவது இழிவாக எண்ணப்பட்டது என்று விளக்கவுரையாளர்கள் கூறுவார்கள். மகன் வழியெல்லாம் தயாரித்துவந்த பேச்சைக்கூட அவர் முடிக்கவிடவில்லை. அதை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன்.

ஆனால் சில ஆண்டுகளுக்கு முன், 2 வருடம் வராதிருந்த ஒரு சகோதரர் நம் ஆலயத்திற்கு வந்தபோது, வாசலில் பலர் முன்னிலையில் அவர் கையைக் குலுக்கி, சிரித்தபடியே, “இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள், பிரதர்?” என்று கேட்டவன் நான். “வேலை அதிகம், பாஸ்டர்” என்றார். மறு வாரம் அவர் வரவில்லை. பின்மாற்றத்தில் இருப்பவர் என்று என் ஜெபக்குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

சனிக்கிழமை, 16ஆவது கிலோமீட்டர் பலகையருகே முழங்கால் முணுமுணுத்தது. பின்னால் வேனின் சத்தம் கேட்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், வேன் இல்லை. “வேலை அதிகம்” என்ற அவருடைய பதில்தான் நினைவுக்கு வந்தது. நான் 9 ஆண்டுகளாகச் சொல்லிவந்த அதே பதில். மீதித் தூரத்தில் பாதிக்குமேல் நடந்தேன்.

செவ்வாய் மாலை அவர் வீட்டிற்குச் சென்றேன். இதை எழுத அவர் அனுமதி தந்திருக்கிறார், பெயரைக் கேட்காதீர்கள். இரண்டாம் மாடி. கதவைத் திறந்ததும், “கால் என்ன ஆயிற்று, பாஸ்டர்?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மன்னிப்புக் கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, அந்த 2 வருடமும் தம் தாயார் படுக்கையில் இருந்ததையும், ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததையும் சொன்னார். தாயாரை அடக்கம் செய்த பிறகுதான் அன்று ஆலயத்திற்கு வந்தாராம். அடக்கத்திற்கும் நான் போயிருக்கவில்லை, எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தாயாரின் படத்தைக் காட்டினார். காப்பி குடித்தோம். இந்த ஞாயிறு வருவீர்களா என்று நான் கேட்கவில்லை. இறங்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகத் தெருவாசல் வரை அவர் உடன் வந்தார்.