சுண்ணாம்பு போகும் வழி

புதுக்கோட்டைச் சீமையில் உறைபனி விழுந்ததாக எந்தக் காலத்திலும் கேள்வியில்லை. மார்கழி விடியலில் வைக்கோற்போரின் மேல் படியும் ஈரந்தான் இங்கே குளிர்காலத்தின் முழு வைபவமும். அப்படிப்பட்ட ஊரில், ஒரு மாடியறையின் ஜன்னலோரத்தில் மேஜை போட்டுக்கொண்டு, ருஷ்யப் பனிவெளியில் ஓடிய யுத்த டாங்கிகளின் மேல் அடித்த வெள்ளை எப்படித் தேய்ந்து போயிருக்கும் என்பதை வருஷக்கணக்கில் அப்பியாசம் செய்துவரும் இளம் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். அவருடைய மேஜையைப் பார்த்த பிறகு சிரிக்க மனம் வராது.

விஷயம் இதுதான். 1941-ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில், கருஞ்சாம்பல் வர்ணத்தோடு ருஷ்யாவுக்குள் புகுந்த ஜெர்மானிய டாங்கிகள் வெண்பனியின் நடுவே வெகு தூரத்திலிருந்தே கண்ணில் படும்படி நின்றன. போதிய வெள்ளை வர்ணம் கையிருப்பில் இல்லாமையால், சுண்ணாம்போ சீமைச்சுண்ணாம்போ எது கிடைத்ததோ அதைத் தண்ணீரில் கரைத்து, பிரஷ்ஷும் துடைப்பமும் கொண்டு சிப்பாய்களே மேலே அடித்துக்கொண்டார்கள். எதிர்ப்பக்கத்தில் ருஷ்யரும் தங்கள் பச்சை டாங்கிகளுக்கு அப்படியே வெள்ளையடித்தார்கள். வசந்தம் வந்ததும் கழுவிவிட வேண்டிய வெள்ளை அது. நிலைத்து நிற்க வேண்டும் என்ற உத்தேசமே அதற்குக் கிடையாது. ஆகவே சில வாரங்களுக்குள்ளாகவே ஏறுபவர் காலும் இறங்குபவர் கையும் பட்டு, மரக்கிளை உராய்ந்து, உருகிய பனி வழிந்து, அடியில் இருந்த வர்ணம் ஆங்காங்கே எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும். பாதி போய்ப் பாதி நிற்கும் அந்த நிலைதான் என் நண்பரைப் போன்றவர்கள் உயிரை விடும் இடம்.

அவர் கட்டும் மாதிரிகள் 1:35 என்ற அளவில் அமைந்தவை. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானியத் தாமியா நிறுவனத்தார் ஒரு பாந்தர் டாங்கியின் வயிற்றுக்குள் மோட்டாரையும் மின்கலங்களையும் அடக்குவதற்காகத் தேர்ந்துகொண்ட அளவு, பிற்பாடு உலகம் முழுவதும் டாங்கி கட்டுவோருக்கு இலக்கணமாகவே ஆகிவிட்டது. பீரங்கிக் குழலை நீக்கிவிட்டால் ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுள்ள டி-34 டாங்கி, இந்தக் கணக்கில் 17 சென்டிமீட்டராகக் குறுகி உள்ளங்கைக்கும் விரல்களுக்குமாக அடங்கிவிடுகிறது. இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மாதிரியின் மேல் 1 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெள்ளை பெயர்ந்தால், நிஜ டாங்கியில் அது 3.5 சென்டிமீட்டர் பெயர்ந்ததற்குச் சமானம். கை சற்றே தாராளமாகிவிட்டால் டாங்கிக்குக் குஷ்டம் பிடித்தாற்போல் ஆகிவிடும்; இந்தத் துறையில் பரிசு வாங்கிய மாதிரிகளிலேயே அந்த அவலட்சணத்தை நான் படங்களில் பார்த்திருக்கிறேன்.

நண்பர் கையாளும் உபாயம் பெண்கள் கூந்தலுக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரேயில் இருக்கிறது. முதலில் பச்சை வர்ணத்தை அடித்து நன்றாக உலர வைக்கிறார். அதன் மேல் ஹேர் ஸ்பிரே இரண்டு தடவை. அது காய்ந்த பின் தண்ணீராய்க் கரைத்த வெள்ளை அக்ரிலிக். வெள்ளை காய்ந்து இறுகிப்போவதற்குள் ஈரப் பிரஷ்ஷால் ஓரிடத்தை நனைத்துவிட்டு அரை நிமிஷம் பொறுக்கிறார். தண்ணீர் வெள்ளையின் ஊடே இறங்கி அடியிலுள்ள ஸ்பிரேயைக் கரைக்கிறது. பிடிமானம் போன வெள்ளை, மயிர் கத்தரித்த குட்டைப் பிரஷ்ஷின் நுனி பட்டதும் விளிம்பிலிருந்து மெல்லப் பெயர்கிறது. கோபுரத்தின் மேல்மூடி விளிம்பு, ஓட்டுகிறவன் புகும் வழி, காலாட்படையினர் தொற்றிக்கொண்டு போவதற்காகப் பக்கங்களில் பற்றவைத்த கைப்பிடிகளின் சுற்றுப்புறம் ஆகிய இடங்களில் பல்குத்தும் குச்சியால் ஒவ்வொரு கீறலாகப் போடுகிறார். மூச்சை அடக்கிக்கொண்டு செய்யும் காரியம் அது. அப்போது பக்கத்தில் நின்று பேசுவது பாவம்.

நிஜமான சுண்ணாம்பு வெயிலிலும் மழையிலும் கிடந்து எப்படிப் போகிறது என்பதைப் புத்தகப் படத்தில் அல்லாமல் பிரத்தியட்சமாகப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்கு ருஷ்யா போக வேண்டியதில்லை, அறந்தாங்கி பஸ் ஏறினால் போதும் என்றேன். வயற்காட்டுக்கும் கண்மாய்க்கரைக்கும் காவலாக ஐயனார் குடியிருக்கும் தோப்புகள் இம்மாவட்டத்தில் எங்கும் உண்டு. அத்தோப்புகளில் நேர்த்திக்கடனாக வைத்த மண்குதிரைகளும் வரிசை வரிசையாக உண்டு. அவற்றில் பழையவை எல்லாம் சுண்ணாம்பு பூசியவை.

நாங்கள் போய்ச் சேர்ந்தது அறந்தாங்கி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் உள்ள வேளார் வீடு. குதிரை செய்யும் குயவர்களை இப்பக்கத்தில் வேளார் என்பார்கள். பல ஊர்களில் ஐயனாருக்குப் பூசை செய்பவர்களும் அவர்களே. புரவியெடுப்பு நடத்துவதென்று ஊர் தீர்மானித்தால், ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை வேளாரிடம் கொடுப்பார்கள். பிடிமண் என்னும் அந்தச் சடங்குதான் ஒப்பந்தம். அதற்கு மேல் பத்திரம் கிடையாது. கண்மாய் வண்டலோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்துப் பதப்படுத்தி, நான்கு கால்களையும் உருளைகளாக நிறுத்தி, அவை தம் பாரத்தைத் தாங்கும் அளவுக்கு உலர்ந்த பிறகு வயிற்றையும் கழுத்தையும் சிறிது சிறிதாக மேலே வளர்க்கிறார்கள். அவசரப்பட்டால் கால் அமுங்கிவிடும். தாமதித்தால் காய்ந்த மண்ணும் ஈர மண்ணும் ஒட்டாது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள நாழிகையை வேளார் விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தே கண்டுகொள்கிறார். சூளை வைத்துச் சுட்டபின் வர்ணம். புறப்பாட்டுக்கு முன் கண் திறப்பு. பிறகு ஊரார் தோளில் ஏறிக் கோயிலுக்குப் பிரயாணம்.

வீட்டுக்குரிய பெரியவர் நாங்கள் வந்த காரணத்தைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. புதிதாகப் பூசியதைப் பார்க்கத்தான் ஆட்கள் வருவார்கள், போனதைப் பார்க்க வந்தவர்கள் நீங்கள்தான் என்று மட்டும் சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்கு நடந்தார்.

தோப்பில் நின்றவை பல தலைமுறைக் குதிரைகள். பழுதானதை இங்கே செப்பனிடுவதில்லை. புதியது வரும்போது பழையது ஒதுங்கிக் கொள்ளும், காது போய், தாடை போய், கடைசியில் கால்கள் மட்டும் புற்றின் நடுவே நிற்கும். நண்பர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பரிசோதிக்க, நானும் அவரோடு பார்த்தேன். ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்றோடு சாய்ந்தடிக்கும் மழை படும் வடகீழ்ப் பக்கத்தில் வெள்ளை ஏறக்குறைய முழுவதும் போய்ச் செம்மண் நிறம் தெரிந்தது; அதே குதிரையின் மறுபக்கத்தில் வெள்ளை நின்றது. பிடரியின் அடியிலும், கழுத்து மணிகளின் இடுக்கிலும், வயிற்றின் கீழும் நேற்றுப் பூசியதுபோல் பத்திரமாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே, மழைத்துளி தரையில் விழுந்து தெறிக்கும் ஒரு சாண் உயரத்துக்கு, வெள்ளையின் மேலேயே செம்புழுதி ஏறியிருந்தது. சேணத்தின் மேல் மட்டும் மழைக்குச் சம்பந்தமில்லாத ஒரு வழவழப்பு. ஊர்ப் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து தேய்த்தது. காலாட்படை ஏறிப்போன டாங்கியும் இப்படித்தான் ஆகியிருக்க வேண்டும் என்று நண்பர் குறித்துக்கொண்டார்.

பெரியவர் ஒரு குதிரையின் விலாவை உள்ளங்கையால் தடவிக் காட்டினார். கை வெள்ளையாயிற்று. அடுத்ததைத் தடவினார், ஒன்றும் ஒட்டவில்லை. முதற்குதிரைக்கு மண்ணை நனைக்காமல் பூசியிருக்கிறார்கள் என்றார். சுட்ட மண்ணுக்குத் தாகம் அதிகம். காய்ந்த உடம்பில் பூசினால் சுண்ணாம்பிலுள்ள தண்ணீரை அது ஒரே இழுப்பில் உறிஞ்சிவிடும், சுண்ணாம்பு மாவாய் நின்றுவிடும். ஈரம் இருந்து மெதுவாக உலர்ந்தால்தான் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித் திரும்பவும் கல்லாகும். ரசாயன நூல் சொல்லும் காரணத்தைப் பெரியவர் ரசாயனம் இல்லாமலே கையில் வைத்திருந்தார். சித்தன்னவாசலில் குகையின் விதானத்துத் தாமரைக்குளம் ஆயிரம் வருஷத்துக்கு மேலாகச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் பிழைத்துக் கிடப்பதும், பூச்சே பெயர்ந்த இடத்தில் வெறும் பாறை தெரிவதும் அப்போது எனக்கு நினைவுக்கு வந்தன.

வீடு திரும்பியதும் நண்பர் பையிலிருந்து டாங்கியை எடுத்துத் திண்ணையில் வைத்தார். பெரியவர் அதை வெயில் பக்கமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது மண்ணா, இரும்பா?"

"பிளாஸ்டிக்குங்க ஐயா. இரும்புன்னு நெனச்சுக்கணும்."

"அப்படி நெனச்சுக்கிட்டா, இங்கன ஏன் மாவா மங்கியிருக்கு? இரும்பு தண்ணி குடிக்காதே. ஒட்டுனா ஒட்டும், இல்லாட்டி பொளந்துக்கிட்டுப் போகும். இந்த ஓரம் சரி. இந்த நடுப்பக்கம் எதனால போச்சு? யாரு கை பட்டுது?"

நடுப்பக்கம் என்று அவர் விரல் வைத்தது கோபுரத்தின் வளைந்த பக்கச்சுவரை. எவர் காலும் கையும் எட்டாத இடம். அழகுக்காக அங்கே நாலு கீறல் சேர்த்திருந்தது. நண்பர் வாதாடவில்லை. பனி உருகி வழிந்தது என்று வைத்துக்கொள்ளலாமா என்று நான் கேட்டேன். வழிந்தால் மேலிருந்து கீழே கோடாக அல்லவா இருக்கும் சார், என்று பெரியவர் என் வாயை அடைத்துவிட்டார். இப்போதெல்லாம் ஊரார் கேட்பது பளபளக்கும் எனாமல் பெயிண்ட் என்பதையும், அது தோல் தோலாக உரிவதையும் சொல்லி, சுவரோரம் சாய்ந்திருந்த உடைந்த குதிரைத்தலை ஒன்றைக் காட்டினார். டாங்கிக்கு நண்பர் தேடிய பெயர்ச்சி அதில் அச்சாக இருந்தது: கூரிய விளிம்பு, அடியில் வேறு வர்ணம், மங்கல் என்பதே இல்லை. சுண்ணாம்பைப் பார்க்க வந்தவர் அரை மணி நேரம் எனாமலைப் படம் பிடித்தார்.

எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. இரும்பின் மேலேயும் அவர்கள் அடித்தது சுண்ணாம்புதானே, அது முழுக்க உரிந்தா போயிருக்கும், மாவாகவும் கொஞ்சம் போயிருக்காதா என்றேன். அதற்குப் பெரியவர், அவசரத்தில் குழைத்த சுண்ணாம்பு மேலே மாவாகவும் அடியில் செதிலாகவும் இரண்டு விதமாகவும் போகும், ஆனால் ஒரே இடத்தில் இரண்டும் நடக்காது என்று தீர்ப்புச் சொன்னார். என் அபிப்பிராயத்தில் அன்றைய பிரயாணத்தின் முழுப் பலனும் இந்த ஒரு வாக்கியந்தான்.

புறப்படும்போது நண்பர் குளமங்கலத்துக் குதிரையைப் பார்க்க எப்போது போகலாம் என்று விசாரித்தார். பெருங்காரையடி மீண்ட ஐயனார் கோயில் முன் நிற்கும் அந்தக் குதிரை 30 அடிக்கு மேல் உயரம். அதில் வர்ணம் போகும் விதத்தைத் தரையில் நின்றபடியே, 1:35 கணக்கெல்லாம் இல்லாமல் படிக்கலாம் என்பது அவர் எண்ணம்.

"மாசி மகத்துக்கு மட்டும் போயிராதீக," என்றார் பெரியவர். "குதிரை பூரா காகித மாலையா இருக்கும், ஒடம்பே தெரியாது. மாலையெல்லாம் எறங்குன பொறவு, பங்குனிக் கடைசில போங்க. வடக்கால நின்னு பாருங்க, மொதல்ல."

நண்பர் தேதியைக் குறித்துக்கொண்டார். அறந்தாங்கி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்ததால், அதுவரை திண்ணையிலேயே உட்கார்ந்து கோபுரத்தின் அந்த நாலு கீறலை வெள்ளை வைத்து மூடிக்கொண்டிருந்தார்.