பட்டறையில் காத்திருந்த வெங்காயம்

‘ஏற்றுமதியை நம்பிச் சின்ன வெங்காயம் நடலாமா?’ என்று சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் நிபுணன் இல்லை. ஆனால், இந்தக் கேள்விக்குக் கைக்காசு கொடுத்துப் பதில் தெரிந்துகொண்டவன்.

பெரம்பலூர் மாவட்டத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர். 2023 ஆடியில் ஒன்றரை ஏக்கரில் சின்ன வெங்காயம் நட்டேன். புரட்டாசிக் கடைசியில் பிடுங்கியபோதே வியாபாரி நல்ல விலைக்குக் கேட்டார். மலேசியா, சிங்கப்பூர், இலங்கைக்குச் சரக்கு போகிறது, விலை இன்னும் ஏறும் என்று ஊரெல்லாம் பேச்சு. அத்தனையையும் பட்டறை போட்டேன். “பாதியையாவது வித்துடுங்க” என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் மாதமே வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவிகித வரி போட்டிருந்தார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டிசம்பர் 8-ம் தேதி ஏற்றுமதிக்கே மத்திய அரசு தடை போட்டது. தட்டுப்பாடு பெரிய வெங்காயத்தில். அடி எங்களுக்கும் சேர்த்து விழுந்தது. வியாபாரி முன்பு கேட்டதில் பாதி விலைதான் சொன்னார். மழை விடவில்லை; பட்டறையின் அடியில் அழுகல் வாடை. வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். மகளின் நர்சிங் படிப்புக் கட்டணத்துக்கு மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது.

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து தங்கை வந்தாள். கட்டட வேலைக்குப் போகிறவள். தடையைப் பற்றி நான் பொரிந்து தள்ளியதைக் கேட்டுவிட்டு, “வெங்காயம் விலை ஏறுனா எங்க வீட்டுல குழம்பே சுண்டிப் போயிடும்ணே” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

யோசித்தால் என் வீட்டு அடுப்பிலும் அதே கதைதான். ரேஷனில் 25 ரூபாய்க்கு வாங்கும் பாமாயில் வெளிநாட்டிலிருந்து வருவது. அது எங்களுக்குச் சிக்கனம். அதனால்தான் தேங்காய்க்கு விலை இல்லை என்று 2023-ல் தென்னை விவசாயிகள் புலம்பினார்கள். நாம் தடை போட்ட அந்த டிசம்பரில் வங்கதேசத்தில் வெங்காய விலை எகிறியது. கடல் தாண்டிய வியாபாரத்தில் ஒருவருக்கு லாபம் வரும்போது இன்னொருவர் வீட்டில் இடிக்கிறது.

அதற்காக ஏற்றுமதியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வெளிநாட்டு ஆள் வாங்க வந்தால்தான் உள்ளூர் வியாபாரியும் விலையை ஏற்றிக் கேட்கிறார். நம்மைக் கவிழ்ப்பது திடீர் மாற்றம். 2024 மே மாதம் தடை நீங்கியது, 40 சதவிகித வரி நின்றது. செப்டம்பரில் அது 20 ஆனது. 2025 ஏப்ரல் 1 முதல் வரியே இல்லை. நம் பயிரோ எழுபது நாள் பயிர். நடும்போது இருக்கும் விதி பிடுங்கும்போது இருக்குமா என்று யார் சொல்வது? 2023-ல் பெங்களூரு ரோஸ் வெங்காயத்துக்கு மட்டும் வரிவிலக்கு கொடுத்தார்கள். சின்ன வெங்காயத்தையும் அப்படித் தனியாகப் பார்க்க வேண்டும் என்று நாம் சேர்ந்து கேட்க வேண்டும்.

இப்போது முக்கால் ஏக்கரில்தான் வெங்காயம், மீதியில் மக்காச்சோளம். பிடுங்கியதும் பாதியை விற்றுவிடுகிறேன். விதைக்கு எடுத்ததுபோக மிச்சம்தான் பட்டறைக்கு.

அந்த வாசகருக்கு என் பதில்: நடுங்கள். ஆனால், உள்ளூர்ச் சந்தை விலையை வைத்துக் கணக்குப் போடுங்கள். அந்த விலைக்கே கட்டுப்படியாகும் அளவுக்கு மட்டும் செலவு செய்யுங்கள். கப்பல் ஏறினால் கிடைப்பது மேல்வரும்படி. சங்கிலியை மீட்க எனக்கு இரண்டு வெள்ளாமை ஆனது.