சீதனத்தோடு வந்தவள்

முன்னோர் பெருமை பேசுதல் நம்மவர்க்கு இனியதொரு பொழுதுபோக்கு. கோயிற்றிருப்பணி செய்தவர், காடு வெட்டிக் கழனியாக்கியவர் எனப் பலரை நினைவுகூர்கின்றோம். அவர்தம் வீட்டில் நெற்குற்றியவர் யாரென்று கேட்டதுண்டா?

யாழ்ப்பாணத்திலிருந்து தோப்பூரில் வந்து குடியேறியது எங்கள் குடும்பம். அதன் பழங்கதைகளை, தம் பாட்டி வாய்க் கேட்டவாறே, என் பாட்டியார் வரிசை பிறழாமற் சொல்லுவார். அக்கதையில் ஒருத்திக்கு மட்டும் பெயரில்லை. 'சீதனத்தோடு வந்தவள்' என்பதே அவளுக்கு அடையாளம். "வீட்டுப் பிள்ளைபோலத்தான் வைத்திருந்தார்களாம்" என்று பாட்டியார் சமாதானமுங் கூறுவார்.

சரித்திரம் அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707-இல் தேசவழமையாகத் தொகுத்தார். அதிலே காணி, நகைகளைப்போல அடிமைகளும் ஆதனமாகவே எண்ணப்பட்டனர். மகளுக்குச் சீதனமாகவும் கொடுக்கப்பட்டனர். பிரித்தானியர் 1806-இல் அவ்வழமைக்குச் சட்ட வலிமை அளித்தனர். 1844-இல்தான் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் முற்றாக ஒழிந்தது. பெற்ற பிள்ளையை எவரேனும் உறுதியில் எழுதிக் கைமாற்றுவாரோ?

சட்டம் ஒழித்ததை வழக்கம் விடவில்லை. மாவிட்டபுரம் கோயில் வாயிலில் 1968-இலும் ஒடுக்கப்பட்டோர் உள்ளே செல்லப் போராடவேண்டியிருந்தது. அவ்வாழ்வின் துயரை 'அடிமைகள்' என்னும் நாவலில் கே. டானியல் எழுதிவைத்தார்.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி 1976-இல் வெளியிட்ட நாவல், தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என வந்துள்ளது. அதன் நாயகன் குண்டா கிண்டேக்கு எசமானர் 'டோபி' என்று வேறு பெயரிடுகின்றனர். அவனோ தன் பெயரை மகளுக்குச் சொல்லிவைக்கின்றான். அவள் தன் மகனுக்குச் சொல்லுகின்றாள். அவ்வாறு பெயர் பிழைக்கின்றது. அந்நூலைப் படித்த இரவில் எங்கள் வீட்டுப் பெயரற்றவளையே எண்ணிக்கொண்டிருந்தேன். அவளுக்கும் தாயிட்ட பெயரொன்று இருந்திருக்குமன்றோ!

"பழங்கதையைக் கிளறுவானேன்?" என்பர் பெரியோர் சிலர். முன்னோர் காணியை முதுசமென்று உரிமையோடு பெறுகின்றோம். அவர்கள் வைத்துப்போன கடனை மட்டும் நமதன்றென்று தள்ளுதல் முறையோ? ஆதலின் என் பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லும்போது, 'வீட்டுப் பிள்ளைபோல' என்ற சொல்லை விட்டு, 'அடிமையாகக் கொடுக்கப்பட்டவள்' என்றே சொல்லுகின்றேன்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டு முதியோரிடம் பாட்டன் பூட்டன் பெயர்களோடு, அவர்களுக்கு ஊழியஞ் செய்தோர் பெயரையுங் கேட்டு எழுதிவையுங்கள். ஏதோவொரு முதியவர் நாவில் அப்பெயர் இன்னும் இருக்கக்கூடும்.