கேள்வித்தாளில் இல்லாத கேள்வி

வாய்மொழி வரலாறு என்பது, கோப்புகளிலும் கடிதங்களிலும் இடம்பெறாத பட்டறிவை, அதனைப் பெற்றவரின் வாயாலேயே சொல்லவைத்து, ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கிக் காப்பகத்தில் சேர்க்கும் துறையாகும். தலைநகர் டெல்லியில் இத்துறை அரை நூற்றாண்டுக்கும் மேலாக வேரூன்றியிருக்கிறது. தீன்மூர்த்தி பவனில் அமைந்த நேரு நினைவு அருங்காட்சியகமும் நூலகமும், 2023இல் பெயர் மாற்றம் பெறுவதற்கு நெடுங்காலம் முன்பே, வரலாற்றாசிரியர் பி. ஆர். நந்தா இயக்குநராக இருந்த 1966ஆம் ஆண்டில், விடுதலைப் போராட்டத்தில் பங்குகொண்டோரின் நினைவுகளைப் பதிவு செய்யத் தொடங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பேச்சைத் திரட்டி வைத்தது. அங்குள்ள தட்டச்சுப் படிகளில் விடைக்கு மேலே அதற்குரிய கேள்வியும் இடம்பெற்றிருப்பதால், அவற்றைப் படிக்கும் தொழில்முறைக் கண்ணால் சொல்பவரை மட்டுமன்றிக் கேட்பவரையும் எடைபோட இயலும். எந்த இடத்தில் அவர் விழித்திருந்தார், எந்த இடத்தில் ஓர் அரிய செய்தி காதருகே சென்றும் பிடிபடாமல் போயிற்று என்பது பக்கம் பக்கமாகத் தெரியும்.

இத்தகைய மரபுள்ள நகரத்திலேயே, நேர்காணல் என்பது வாயும் கைப்பேசியும் உள்ள எவருக்கும் கைவரும் வேலை என்ற எண்ணம் பரவியிருப்பது, இத்தொழிலில் தலைநரைத்தவர்களுக்கு ஆறாத மனக்குறையாகும். இன்றைய பதிவுத் திட்டங்கள் பலவற்றின் செலவுக் கணக்கில் படப்பிடிப்புக்கு இடமுண்டு, படத்தொகுப்புக்கு இடமுண்டு, வெளியீட்டு விழாவுக்கும் இடமுண்டு. கேட்கப் போகிறவர் சில வாரங்கள் உட்கார்ந்து படிப்பதற்கு ஒரு வரி இராது. பன்னிரண்டு கேள்விகள் அச்சிட்ட தாளுடன் மாணவர்கள் அனுப்பப்படுகின்றனர்; ஒரே நாளில் நான்கு வீடுகளை முடித்துக்கொண்டு அவர்கள் திரும்புவது திறமை என்று பாராட்டவும் படுகிறது. கேள்வித்தாள் தரக்கூடியது முதல் கேள்வியை மட்டுமே. வந்த விடையிலிருந்து பிறக்க வேண்டிய இரண்டாவது கேள்வியை, இத்தொழிலில் தொடர்வினா எனப்படுவதை, எந்தத் தாளும் முன்கூட்டி அச்சிட்டுத் தர இயலாது; அது கேட்பவருக்குள் இருக்கும் அறியும் ஆவலிலிருந்து அந்தக் கணத்தில் எழவேண்டியது. தொழிலின் முழு மதிப்பும் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

தொடர்வினா எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்குத் தமிழர் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையரிடம் அவர் கற்ற நூல்களைக் கேட்டறிந்த நிகழ்ச்சி பலமுறை சொல்லப்பட்டதுதான். ஆயினும் அது நூற்பதிப்பு வரலாறாகவே சொல்லப்படுகிறதே தவிர, கேட்கும் கலையின் வரலாறாகச் சொல்லப்படுவதில்லை. அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று நீண்ட பட்டியல் விடையாக வந்தது. மரியாதைக்காகக் கேட்பவர் எவரும் அவ்விடத்தில் வியந்து தலையசைத்துப் பேச்சை முடித்திருப்பார். முதலியாரோ அப்பட்டியலில் இல்லாதது எது என்று கவனித்து, சிந்தாமணியைப் படித்ததுண்டா, மணிமேகலையைப் படித்ததுண்டா என்று மேலும் கேட்டார். 1887இல் சீவக சிந்தாமணியும், 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் ஐயர் பதிப்பாக அச்சேறியதற்கு அந்த உரையாடலே தொடக்கம். அதனினும் முக்கியமாக இத்தொழிலினர் கருத வேண்டியது, ஐயர் தாமே அதன்பின் கேட்பவராக மாறியதாகும். சைவச் சூழலில் வளர்ந்த அவர், சிந்தாமணியில் விளங்காத சமணக் கோட்பாடுகளைத் தெரிந்துகொள்ளக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளைத் தேடிச் சென்று, தமக்குத் தெரியாது என்பதை மறைக்காமல் அமர்ந்து கேட்டார். அறியாமையை ஒப்புக்கொள்ளும் துணிவும், அறிந்தே தீரவேண்டும் என்ற பிடிவாதமும் ஒருவரிடத்தே சேர்ந்திருக்கும்போதுதான் ஆவல் என்பது பயன்தரும் கருவியாகிறது.

டெல்லியில் இக்கருவிக்கு நேரும் பெருந்தடை ஒன்றை விரித்துரைப்பது அவசியம். ஏனெனில் வெளியார் அதனைத் தடையென்றே உணர்வதில்லை. மௌனமாக இருப்பவரிடம் பேச்சு வாங்குவது கடினம் என்று பொதுவாக எண்ணப்படுகிறது. அதனினும் கடினம், நன்றாகப் பேசுபவரிடம் பேச்சு வாங்குவதாகும். 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் மேற்குப் பஞ்சாபிலிருந்தும் சிந்துவிலிருந்தும் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் டெல்லியில் வந்து இறங்கினர். கிங்ஸ்வே முகாமிலும் பிற முகாம்களிலும் தங்கியிருந்து, பின்னர் லாஜ்பத் நகர், ராஜேந்திர நகர், படேல் நகர் ஆகிய புதிய குடியிருப்புகளில் பரவினர். அத்தலைமுறையில் எஞ்சியிருப்போரை ஒவ்வோர் ஆகஸ்டு மாதமும் தொலைக்காட்சியும் பள்ளிகளும் பத்திரிகைகளும் தேடிச் செல்கின்றன. ஆகஸ்டு 14ஐப் பிரிவினைக் கொடுமைகள் நினைவு நாளாக அரசு 2021இல் அறிவித்தபின் அவ்வருகை மிகுந்துவிட்டது. ஒரே கதையை ஆண்டுதோறும் சொல்லிச் சொல்லி, அவர்களது நினைவு ஒரு பாடமாக இறுகியிருக்கிறது: பூட்டிய வீடு, பிணங்கள் நிறைந்த ரயில், முகாமின் முதல் இரவு என்ற வரிசை மாறுவதில்லை, குரல் தழுதழுக்கும் இடமும் மாறுவதில்லை. அதில் பொய் எதுவும் இல்லை. ஆயினும் அது முன்பே கேட்டவர்களின் விருப்பத்திற்கேற்பச் செதுக்கப்பட்ட கதை. அதைத் திரும்பப் பதிவு செய்வதால் காப்பகத்தில் நாடாவின் எண்ணிக்கை கூடுமேயன்றி அறிவு கூடாது.

இந்த ஒப்பித்தலைத் தாண்டுவதற்கு உணர்ச்சியைத் தூண்டும் கேள்விகள் ஒருபோதும் உதவமாட்டா. எப்படி இருந்தது, மனம் என்ன பாடுபட்டது என்று கேட்கக் கேட்கப் பாடம் மேலும் இறுகும். கைவிடாது உதவுவன பருப்பொருள் பற்றிய சிறு கேள்விகளே. முகாமில் ரொட்டி சுட விறகு எங்கிருந்து வந்தது, வரிசையில் நின்றவர் யார், முதல் சம்பளத்தில் வாங்கிய பாத்திரம் எது என்பன போன்ற வினாக்களுக்கு விடை முன்கூட்டியே செய்து வைக்கப்பட்டிருக்காது. சொல்பவர் உண்மையாகவே நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அவ்வாறு நினைப்பவரின் முகம் மாறுவதை அனுபவமுள்ள கேட்பவர் உடனே கண்டுகொள்வார். இன்னும் ஆழமான கேள்வி படிப்பிலிருந்து வரும். எல்லைக்கு அப்பால் விட்டுவந்த சொத்துக்கு ஈடு பெறுவதற்காக அகதிகள் விண்ணப்பம் அளித்து அதனை மெய்ப்பிக்க 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும், இழப்பீடு வழங்க 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் வழிசெய்தன. பஞ்சாபிக் குடும்பங்களில் கிளெய்ம் என்ற ஒரே சொல்லால் இன்றும் குறிக்கப்படும் நடைமுறை இது. இதை அறிந்தவர் மட்டுமே, விண்ணப்பத்தில் யார் பெயர் எழுதப்பட்டது, தாத்தாவின் பங்கு எத்தனையாகப் பிரிந்தது, விதவையாகிவிட்ட அத்தையின் பங்கு கணக்கில் வந்ததா என்று கேட்க இயலும். அக்கேள்வியோடு பாடம் முடிந்து, ஒரு குடும்பம் தன்னைத் தான் மறுபடி பங்கிட்டுக்கொண்ட வரலாறு தொடங்கும். படிக்காதவருடைய ஆவல் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் அந்த வாசலுக்கு வந்து சேராது. ஆவலுக்கும் தகுதிக்கும் தொடர்பில்லை என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தவறான விடையிலும் ஆவல் உறங்கலாகாது என்பதை இத்தாலிய அறிஞர் அலெஸாந்த்ரோ போர்த்தெல்லியின் ஆய்வு காட்டியது. தெர்னி என்னும் எஃகு நகரில் லூயிஜி திராஸ்துல்லி என்ற இளந்தொழிலாளி, நேட்டோ உடன்படிக்கைக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தின்போது 1949 மார்ச் 17 அன்று காவலர்களால் கொல்லப்பட்டார். ஆனால் அந்நகரத்துத் தொழிலாளர் பலர், 1953இல் ஆலையிலிருந்து பெருந்தொகையினர் வேலைநீக்கம் செய்யப்பட்டபோது நடந்த தெருப்போராட்டத்தில் அவர் இறந்ததாக நினைவுகூர்ந்தனர். ஆண்டைத் திருத்திவிட்டு அடுத்த கேள்விக்குச் செல்வது எளிது. போர்த்தெல்லி, இத்தனை பேர் ஒரே விதமாகப் பிழைபடுவதற்குக் காரணம் என்ன என்று ஆராய்ந்து, பதிலடி கொடுக்க முடியாமல் போன ஒரு சாவைத் தாங்க இயலாத சமூகம் அதனைத் தான் எதிர்த்து நின்ற நாளுக்கு நகர்த்திக்கொண்டது என்று கண்டார். இன்று பிழையான தேதி எழுத்தாக்கத்தின்போதே சத்தமின்றித் திருத்தப்படுகிறது.

ஆவலுக்கு எல்லை உண்டா என்பது மாணவர்கள் தவறாமல் கேட்பது. உண்டு. டெல்லியைச் சேர்ந்த ஊர்வசி புட்டாலியா, பிரிவினை பற்றி 1998இல் வெளியிட்ட நூலில், குடும்பத்தாருடன் அமர்ந்து பேசும்போது ஆண்களே பேச்சை எடுத்துக்கொள்வதையும் பெண்களின் சொல் அடங்கிப்போவதையும் கவனப்படுத்துகிறார். அத்தகைய இடத்தில் மகன் முன்னிலையில் தாயைத் துருவிக் கேட்பது ஆவலன்று, அத்துமீறல். இன்னொரு நாள் வருவதும், வேலை ஓய்ந்த பிற்பகல் வேளையில் வருவதும், வந்தபின் கேளாமலே திரும்புவதும் தொழிலின் பகுதிகளே. நான்கு வீடுகளை ஒரே நாளில் முடிப்போருக்கு இவற்றில் ஒன்றும் வாய்க்காது.

தமிழரைப் பொறுத்தவரை டெல்லியில் நேர்ந்துகொண்டிருக்கும் இழப்பு இரு திசைகளிலானது. பிரிட்டிஷ் ஆட்சியின் செயலகத்தில் பணிபுரிய வந்த குடும்பங்கள், கோடையில் அரசு சிம்லாவுக்கு ஏறியபோது உடன் ஏறி, குளிர்காலத்தில் டெல்லிக்கு இறங்கின. அவர்களது வழித்தோன்றல்களிடம் தமிழ்ச் சங்கம் எப்போது தொடங்கியது, தமிழ்ப் பள்ளியை யார் நிறுவினார் என்றே கேட்கப்படுகிறது; ஏறும்போது அம்மியும் ஆட்டுக்கல்லும் என்ன ஆயின, மலையில் மாவு புளித்ததா என்று கேட்பாரில்லை. மறுபுறம், ஜங்புராவில் பாராபுலா வாய்க்கால் ஓரம் பல பத்தாண்டுகளாக இருந்த மதராசி கேம்ப் என்னும் தமிழர் குடியிருப்பு, நீதிமன்ற ஆணைப்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 குடிசைகளில் 189 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதியுடையன என்று கணக்கெடுப்பு முடிவு செய்தது. அவ்வீடுகளும் நகரின் வடகோடியான நரேலாவில் இருந்தன. கணக்கெடுப்போர் அட்டைகளையும் அவற்றிலிருந்த தேதிகளையும் கேட்டனர், அது அவர்கள் கடமை. ஒலிவாங்கியுடன் வந்தோர் இடிபாட்டின் முன் நிற்பவரிடம் மனநிலையைக் கேட்டனர். சுற்றுவட்டாரத்து வீடுகளில் வேலைசெய்த பெண்கள் இந்தியை எந்த வீட்டுச் சமையலறையில் கற்றனர், முதலில் வந்தவர் யாரைப் பின்தொடர்ந்து வந்தார், ஊரிலிருந்து வரும் உறவினருக்கு வாய்க்கால் கரையில் இடம் ஒதுக்கித் தந்தது யார் என்ற கேள்விகளை, மக்கள் ஒரே இடத்தில் வாழ்ந்த அத்தனை ஆண்டுகளிலும் போதிய அளவு கேட்பவர் வரவில்லை. சற்றே தள்ளியிருந்த வீடுகளில் படித்த தமிழர் பலர் வாழ்ந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏனெனில் கேட்கும் திறம் ஒலிப்பதிவுக் கருவியை அழுத்தும்போது தோன்றி, அணைக்கும்போது மறைவதன்று. மாடிப்படிக்கடியில் இஸ்திரி போடுபவரின் ஊர் எது, அவர் கரியை எங்கே வாங்குகிறார் என்று பத்தாண்டுகளாகக் கேட்கத் தோன்றாத ஒருவருக்கு, நேர்காணல் நாற்காலியில் அமர்ந்ததும் கேட்கத் தோன்றிவிடும் என்று நம்புவதற்கு இடமில்லை. அண்டை வீட்டாருடன் வாடகை, தண்ணீர் லாரி, பிள்ளைகளின் மதிப்பெண் ஆகியவற்றோடு பேச்சு முடிந்துவிடும் வாழ்க்கையில் கேட்கும் தசை மெலிந்துபோகிறது. பழைய தலைமுறையின் நல்ல நேர்காணலாளர்கள் பேருந்திலும் தேநீர்க் கடையிலும் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள். அங்கே கேட்டதில் நூற்றில் ஒரு பங்கும் பதிவாகவில்லை, ஆனால் பதிவானவற்றின் தரம் அங்கிருந்தே வந்தது.

இயந்திரமே பேச்சை எழுத்தாக்கும் வசதி அண்மையில் வந்திருப்பது உழைப்பைக் குறைத்திருக்கிறது என்பது உண்மை. பஞ்சாபியும் உருதுவும் இந்தியும் ஒரே வாக்கியத்தில் கலக்கும் டெல்லிப் பேச்சில் அது தடுமாறுவதையும் காலப்போக்கில் சீர்செய்துவிடலாம். வருத்தத்திற்குரியது வேறொன்று. மே மாதத்தில் கூலரின் இரைச்சலை நிறுத்தி, வியர்வையில் நனைந்தபடி பதிவு செய்த பேச்சை, கேட்டவரே அமர்ந்து மீண்டும் மீண்டும் ஓடவிட்டு எழுதியபோது, தாம் குறுக்கிட்டுக் கெடுத்த இடங்களையும், பொறுத்திருந்தால் வந்திருக்கக்கூடிய சொல்லையும் தம் காதாலேயே கேட்டுக் கற்றார். அந்தக் கல்வி இன்று எவருக்கும் கிடைப்பதில்லை. இயந்திரம் தரும் படியில் தயக்கமும் இடைவெளியும் நீங்கி, எல்லா விடைகளும் சரளமாக வந்தவைபோல் தோன்றுகின்றன.

புதியவர்களுக்கு முன்பு அளிக்கப்பட்ட பயிற்சி ஒன்றை மீட்டெடுப்பது கடினமன்று. முழுமையான நேர்காணல் ஒன்றை ஓடவிட்டு, ஒவ்வொரு விடை முடிந்ததும் நிறுத்தி, அடுத்த கேள்வியைத் தாளில் எழுதச்செய்து, பின்னர் உண்மையில் கேட்கப்பட்ட கேள்வியோடு ஒப்பிட்டு விவாதிப்பதே அது. ஒரு மணி நேரப் பதிவுக்கு இரண்டு நாட்கள் பிடிக்கும். ஒருவர் ஓரளவு தேறுவதற்கு இவ்வாறு பல பதிவுகள் தேவை. திட்ட முன்மொழிவுகளில் இதற்கென நாட்கள் கேட்கப்படும்போதெல்லாம் முதலில் வெட்டப்படுவது இந்த நாட்களே. வெட்டுபவர்கள் கெட்ட எண்ணத்தோடு அதைச் செய்வதில்லை. கேட்பதற்குக் கற்க வேண்டியது ஒன்று உண்டு என்பதை அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.