சும்மா சுழலும்போது எல்லாம் சரிதான்

சென்ற மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். வயது 83. நல்ல காலம், எலும்பு எதுவும் முறியவில்லை. இடது முழங்கையில் ஒரு கன்றல் மாத்திரமே. வைத்தியர் மருந்தொன்றும் எழுதவில்லை. "சுவரிலே ஒரு கைபிடி பூட்டிக் கொடுங்கள்" என்றார். அன்று மாலையே வெள்ளவத்தையில், காலி வீதியிலுள்ள கடையொன்றில், துருப்பிடிக்காத உருக்குக் கைபிடி ஒன்றை வாங்கிவந்தேன். அரை மணி நேர வேலை என்றே எண்ணினேன். அது முடிய 11 நாட்கள் சென்றன. அந்த 11 நாட்களின் கதைதான் இது.

என்னிடம் பற்றரியில் இயங்கும் சிறிய டிறில் ஒன்று இருந்தது. 2022இல் வாங்கியது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதை இலங்கையில் இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மின்சாரத்தை நம்பிய கருவி எதுவும் வேண்டிய வேளையில் உதவாது என்ற எண்ணத்தில் வாங்கியது. திரைச்சீலைக் கம்பிகளையும் புத்தகத் தட்டு ஒன்றையும் பூட்டித் தந்துவிட்டு, யன்னலோர அலுமாரிக்குள் அது உறங்கப் போய்விட்டது.

கைபிடியின் ஒரு முனை செங்கற் சுவரிலும் மறுமுனை கொங்கிறீற்றுத் தூணிலும் அமைய வேண்டியிருந்தது. செங்கற் பக்கத்தில் மூன்று துளைகளும் ஒருவாறு விழுந்தன. தூண் பக்கத்திலோ மேலிருந்த டைலைக் கடந்து 2 சென்ரிமீற்றர் போனதும் டிறில் முனகி நின்றுவிட்டது. விசையை விட்டு மறுபடி அழுத்தினால் உற்சாகமாகச் சுழலும். சுவரில் வைத்து அழுத்தியதும் நின்றுவிடும். எனக்கு வேண்டிய ஆழமோ 5 சென்ரிமீற்றர்.

ஒரு சபலம் தட்டியது என்பதை மறைக்க விரும்பவில்லை. றோல் பிளக்கை வெட்டிச் சிறிதாக்கி, குட்டைத் திருகாணியை முறுக்கிவிட்டால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அப்போது கதவருகில் வந்து நின்ற அம்மா கேட்டார்: "தம்பி, இது என்னைத் தாங்குமோ?" டிறிலைக் கீழே வைத்துவிட்டேன்.

பற்றரிதான் குற்றவாளி என்று உடனே முடிவுகட்டினேன். செய்தியாளன் செய்யக்கூடாத காரியம் அது. பிறகு ஆற அமர இருந்து, செலவில்லாத சோதனைகளை முதலில் செய்தேன். இதே தொல்லைக்கு ஆளாகும் வாசகர்களுக்காக அவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, சுழலும் திசை. திருகாணி கழற்றும் திசையில் விட்டுவிட்டால் அலகு வெட்டாது. வெறுமனே உரசிச் சூடேறும். இரண்டாவது, முன்புறத்திலுள்ள இலக்க வளையம். அது திருகாணிக்கான பிடியின் அளவு. சிறிய இலக்கத்தில் இருந்தால் சற்று இறுகியதுமே கடகடவென்று வழுக்கும். துளையிடும்போது டிறில் படத்துக்குத் திருப்ப வேண்டும். மூன்றாவது, மேலேயுள்ள 1, 2 என்ற கியர். இரண்டாவதில் வேகம் அதிகம், முறுக்கு விசை குறைவு. கடினமான வேலைக்கு ஒன்றுதான் உகந்தது. நான்காவது, அலகு. மரத்துக்கும் இரும்புக்கும் உரிய அலகு சுவருக்கு ஆகாது. சுவருக்கு, முனையில் ரங்ஸ்ரன் காபைட் பதித்த அலகு வேண்டும். அதுவும் மழுங்கியிருந்தால் எந்த மோட்டாரும் தோற்றுப்போகும். ஐந்தாவது, பற்றரி டிறிலைத் தொடும் உலோகத் தகடுகள். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அப்பால் கடல். உப்புக் காற்று யன்னற் கம்பிகளையே தின்றுவிடுகிறது. அந்தத் தகடுகள் எம்மாத்திரம்! பற்றரியைக் கழற்றி, உலர்ந்த துணியால் அவற்றைத் துடைக்க வேண்டும்.

என்னுடைய கியர் இரண்டில் இருந்தது. வெட்கத்துடன் ஒன்றுக்கு மாற்றினேன். தகடுகளைத் துடைத்தேன். சற்று முன்னேற்றம் தெரிந்தது. ஆயினும், பழைய பலகையொன்றில் புதிய மர அலகை வைத்து அழுத்தியபோது அங்கேயும் நின்றுவிட்டது. அப்படியானால் பழி கொங்கிறீற்றின் மேல் மட்டும் இல்லை.

மல்ரிமீற்றரை எடுத்தேன். பெட்டியில் 12 வோல்ற்று என்று போட்டிருக்கும் இத்தகைய பற்றரிக்குள் மூன்று லிதியம் அயன் மின்கலங்கள் தொடராக இணைந்திருக்கும். முழுதாகச் சார்ஜ் ஏறிய கலம் ஒன்று 4.2 வோல்ற்று, மூன்றுக்கும் 12.6. என்னுடையது 12.4 காட்டியது. பற்றரி நிரபராதி என்று விடுதலை செய்து, மோட்டாரைச் சந்தேகித்தவாறு கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டேன்.

ஜிந்துப்பிட்டிப் பக்கமாக ஓர் ஒழுங்கையில், என்னைவிட மூத்த ஒருவர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். நான் சொன்ன 12.4 என்ற கணக்கைக் கேட்டுச் சிரித்தார். "சும்மா இருக்கும்போது எல்லாப் பற்றரியும் நல்லாத்தான் காட்டும், ஐயா. வேலை குடுத்துப் பார்க்கணும்." கார் முன்விளக்குப் பல்ப் ஒன்றைப் பற்றரியில் இணைத்து, அது எரியும்போதே அளந்தார். 12.4 என்று இருந்தது 9.5க்கு இறங்கியது, பல்ப்பும் மங்கியது. பின்னர் மூடியைத் திறந்து கலங்களைத் தனித்தனியே அளந்தார். இரண்டு கலங்கள் 3.6இல் உறுதியாக நின்றன. மூன்றாவது 2.3க்கு விழுந்து கிடந்தது. ஒரு கலம் அவ்வளவு இறங்கினால், உள்ளேயிருக்கும் பாதுகாப்புச் சுற்று மின்னைத் துண்டித்துவிடும். என் டிறில் அடிக்கடி நின்றதன் காரணம் அதுதான்.

பாடசாலையில் படித்த அகத்தடை என்ற சொல் அப்போது நினைவுக்கு வந்தது. கலம் முதுமையடைய அதன் அகத்தடை கூடுகிறது. அது 0.15 ஓம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சும்மா சுழலும் மோட்டார் 2 அம்பியர் இழுத்தால் இழப்பு 0.3 வோல்ற்று, யாருக்கும் தெரியாது. அதே மோட்டார் திணறி 20 அம்பியர் இழுத்தால் இழப்பு 3 வோல்ற்று. சுமையில்லாதபோது எடுத்த அளவு இதைக் காட்டவே காட்டாது.

கலத்தைக் கெடுத்தவன் நானேதான். பிளாக் அன்ட் டெக்கர் நிறுவனம் 1961இல் முதலாவது பற்றரி டிறிலை வெளியிட்டபோது அதில் இருந்தவை நிக்கல் கட்மியம் கலங்கள். முழுதாக இறக்கிய பிறகே மறுபடி சார்ஜ் ஏற்றவேண்டும் என்பது அந்தக் காலத்து அறிவுரை. 1991இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த லிதியம் அயன் கலத்துக்கு அது பொருந்தாது. முழுதாக இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் அது நிரந்தரமாகவே கெட்டுப்போகும். நானோ பழைய அறிவுரைப்படி ஒவ்வொரு தடவையும் நிற்கும்வரை ஓட்டி, அப்படியே வெயில் படும் அலுமாரியில் வைத்துவந்தேன். பாதியளவு சார்ஜுடன், வெப்பமில்லாத இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

கெட்ட கலத்தை மட்டும் மாற்ற முடியாதா என்று கேட்டேன். பழையதோடு புதியது ஒத்துப்போகாது என்று மூன்றையும் மாற்றினார். வீட்டில் இதை முயலவேண்டாம். லிதியம் கலம் தவறுதலாகக் குறுக்கிணைந்தால் தீப்பற்றும்.

புறப்படும்போது அவர் சொன்னதுதான் முக்கியம். "புதுசு போட்டாலும் அந்தத் தூணுக்கு இது சரிவராது, ஐயா. இதுல ஹாமர் இல்ல. சுத்த மட்டும்தான் தெரியும், இடிக்கத் தெரியாது." பலவீனம் ஒன்று, பொருத்தமின்மை மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால்தான், பற்றரி நல்லதாக இருந்த நாளிலும் செய்யமுடியாத வேலையை அந்தச் சிறு கருவியிடம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் தொடர்மாடியின் மேல்தளத்தில் வேலைசெய்துகொண்டிருந்த மேசன் பாஸ், மின்சாரத்தில் இயங்கும் தம்முடைய பெரிய ஹாமர் டிறிலுடன் இறங்கிவந்தார். தூணில் மூன்று துளைகள், ஒவ்வொன்றும் 5 சென்ரிமீற்றர். 10 நிமிடம்கூட ஆகவில்லை. திருகாணிகளை மட்டும் என்னுடைய டிறிலால் நானே இறுக்கினேன். அந்த வேலையை அது திணறாமற் செய்தது.

அம்மாவை அழைக்குமுன் கதவைச் சாத்திவிட்டு, முழங்கால்களை மடக்கி, என்னுடைய 78 கிலோவையும் அந்தக் கைபிடியில் தொங்கவிட்டேன். அசையவில்லை. பிறகு அம்மா வந்தார். ஒரு கையால் அதைப் பற்றி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.