மடித்துத் தைத்த இரண்டு அங்குலம்

பள்ளிக்கூட பேண்ட்டுக்கு அளவு கொடுக்கப் போனால் டெய்லர் என்னைக் கேட்கமாட்டார், அப்பாவைத்தான் கேட்பார். "வளர்ற பிள்ளை, கீழ ரெண்டு இஞ்ச் உள்ள மடிச்சு வச்சிரட்டுமா சார்?" அப்பா தலையாட்டுவார். அடுத்த ஜூனில் மடிப்பைப் பிரித்துவிட்டால், உள்ளே வெயில் படாமல் கிடந்த துணி கருநீலமாக இருக்கும், மேலே எல்லாம் வெளுத்திருக்கும், நடுவில் பழைய மடிப்பு ஒரு கோடாக ஓடும். என் வகுப்பில் சிலருக்கு இரண்டு கோடுகூட உண்டு. அவர்கள் நடையே தனி. என் பேண்ட் கோடு விழாமலேயே முட்டியில் கிழிந்தது.

குள்ளமானவன் முன்னால் நிற்கும் உயர வரிசையில் நான்தான் முதல் ஆள். பி.டி. சார் விசில் ஊதியதும் நானாகவே முன்னால் போய் நின்றுவிடுவேன். கூப்பிட்டு நிறுத்தினால் இன்னும் அவமானம். முன்னால் நிற்பவனுக்குப் பின்னால் யார் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. அதனால் நானே முந்திக்கொண்டு சிரிக்க வைக்கப் பழகினேன். ஆசிரியர்களின் குரலில் பேசுவேன், தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதை நடித்துக் காட்டுவேன். "பையன் குறும்புக்காரன், பிறவியிலேயே அப்படி" என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். பிறவியாவது ஒன்றாவது.

வெகுகாலம் கழித்து மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளரின் ஆய்வைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் 1932இல் தொடங்கிய ஆய்வு அது. ஏறத்தாழ 200 பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்காக அளந்து, எலும்பை எக்ஸ்ரே எடுத்து, கூடவே அவர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்பதையும் குறித்துவைத்தார்கள். சீக்கிரம் வளர்ந்த பையன்கள் பதற்றமில்லாதவர்கள், தலைமைக்கு ஏற்றவர்கள் என்று பெயர் வாங்கினார்கள். பிந்தி வளர்ந்தவர்கள் துருதுருவென்று இருந்தார்கள், எல்லோர் கவனமும் தங்கள் மேல் விழவேண்டும் என்று ஏதாவது செய்துகொண்டே இருந்தார்கள். நான்சி பேலியோடு சேர்ந்து ஜோன்ஸ் 1950இல் வெளியிட்ட கட்டுரை இது. மூக்குக்கண்ணாடி துடைத்த நான் அதில் அச்சு அசலாக இருந்தேன்.

குரல் இன்னொரு தொல்லை. வீட்டு போனை எடுத்தால் எதிர்முனை, "அம்மா இருக்காங்களா பாப்பா?" என்று கேட்கும். பதினாறு வயதுப் பையனை! ஆண்டுவிழா நாடகத்தில் எனக்கு நிரந்தரமாகப் பெண் வேடம். இதில் என் பள்ளிக்கூடம் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது நடிகர்கள் எல்லோருமே சிறுவர்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கேதான் மேடை ஏறினார்கள். அந்த மாதிரிக் கம்பெனிகளில் ஒரு பையனின் வாழ்வு குரலில் தொங்கியது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் நேற்றுவரை ராஜபார்ட்டிலோ ஸ்திரீபார்ட்டிலோ கைதட்டு வாங்கியவன் பக்கவாட்டில் வேல் பிடித்து நிற்கவேண்டியதுதான். குரல்வளை பெருத்து, குரல்நாண்கள் நீண்டு தடித்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடுகிறது. உடம்புக்கு அது சாதாரணக் காரியம். பாடிப் பிழைத்த பையனுக்கு வேலையே போய்விடும்.

நான் மகரக்கட்டு வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். அவர்களோ வந்துவிடுமோ என்று பயந்திருப்பார்கள்.

பெண் பிள்ளைகள் கதை தலைகீழ். வளர்ச்சியின் வேகம் அவர்களுக்கு உச்சத்தைத் தொடுவது சுமார் 12 வயதில், பையன்களுக்கு 14இல். ஆறாம் ஏழாம் வகுப்பில் பெண்கள் உயரமாக நிற்பது அதனால்தான். என் பெரியம்மா மகள், எனக்கு மூத்த அக்கா, எங்கள் தெருவிலேயே வேகமாக ஓடுவாள். கபடியில் அவளைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். அவள் எல்லோருக்கும் முன்னால் வளர்ந்தாள். மஞ்சள் நீராட்டு முடிந்த மறுவாரமே தாவணி வந்தது, ஓட்டம் நின்றது, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் போனாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் உடம்பு மாறியது. வளர்ந்ததைச் சொல்லவில்லை. புத்தகங்களைப் பக்கவாட்டில் இடுக்கிக்கொண்டு போனவள் மார்போடு அணைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். தோள் இரண்டும் முன்னால் வளைந்தன. யாராவது ஆண் எதிரில் வந்தால் சுவரோரம் ஒதுங்கித் தலையைக் குனிவாள். "அடக்கமான பொண்ணு" என்று அவளுக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். இன்றைக்கு ஐம்பது தாண்டியும் அந்தத் தோள் நிமிரவில்லை. கழுத்து வலி என்று பிசியோதெரபிக்குப் போகிறாள்.

உடம்பைப் பார்த்து குணம் சொல்வது நம்மிடம் பழைய தொழில். சாமுத்திரிகா லட்சணம் விரல் நீளத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே என்று என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்கள். (அகத்தியரைக் குறுமுனி என்று கும்பிடுகிற ஊரில்தான்.) மேல்நாட்டில் இதையே அறிவியல் சட்டை போட்டுச் செய்தவர் வில்லியம் ஷெல்டன். கல்லூரி மாணவர்கள் 4000 பேரின் நிர்வாணப் புகைப்படங்களை வைத்துக்கொண்டு, உருண்டை உடம்பு சுகவாசி, தசை உடம்பு துணிச்சல்காரன், ஒல்லி உடம்பு தனக்குள் ஒடுங்குபவன் என்று 1940களில் புத்தகங்கள் போட்டார். அவருடைய கணக்கு கச்சிதமாகத்தான் பொருந்தியது. ஏன் பொருந்தாது? உடம்புக்கு மதிப்பெண் போட்டவரும் அவரே, குணத்துக்குப் போட்டவரும் அவரே. எங்கள் தெருவும் அதைத்தான் செய்தது. அக்காவைக் குனியச் சொல்லிவிட்டு அவள் அடக்கமானவள் என்றது. என்னை முன்னால் நிறுத்திவிட்டுக் குறும்புக்காரன் என்றது.

நான் வளர்ந்தது பதினேழுக்குப் பிறகு. பாட்டி மட்டும்தான் கவலைப்படாமல் இருந்தாள்: "அவன் அப்பனும் இப்படித்தான், காலேஜு போனப்புறம்தான் சரசரன்னு வளந்தான்." பாட்டி சொன்னதைத்தான் குழந்தை மருத்துவர்களும் சொல்கிறார்கள். பிந்திய வளர்ச்சி குடும்பத்தில் ஓடும், எலும்பு முனைகள் மூடாமல் அதிக நாள் காத்திருக்கும், கடைசியில் பெரும்பாலோர் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுவார்கள். ஒரே வருஷத்தில் மடிப்பைப் பிரித்தும் போதாமல் போனது. முதலில் செருப்பு பத்தவில்லை, பிறகு பேண்ட். வளர்ச்சி பாதத்தில் தொடங்கிக் காலுக்கு வந்து உடலுக்கு ஏறும் என்பதால், சில மாதம் கொக்குமாதிரி நடந்தேன்.

உயரம் வந்தது, முதல் ஆளாக நின்ற பழக்கம் போகவில்லை. இன்றும் கூட்டத்தில் நுழைந்தால் யாரும் பேசுவதற்குள் நான் ஒரு ஜோக் அடித்துவிடுகிறேன். ஓக்லாந்துப் பையன்களை ஜோன்ஸ் 33 வயதில் மறுபடி பார்த்தார். உயர வித்தியாசம் ஏறக்குறைய மறைந்திருந்தது, குணத்தில் சில வித்தியாசங்கள் தங்கிவிட்டன. முந்தியவர்கள் பொறுப்பானவர்கள், ஊரோடு ஒத்துப்போகிறவர்கள். பிந்தியவர்களிடம் வளைந்துகொடுக்கும் புத்தி கூடுதல், விளையாட்டுத்தனமும் கூடுதல். இதைப் படித்தபோது ஆறுதலாக இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அக்காவை நினைத்தால் அந்த ஆறுதல் நிற்பதில்லை. எனக்குக் கிடைத்த வேடத்தில் சிரிப்பாவது இருந்தது.

இப்போது தங்கை மகனுக்கு வயது 14, உயர வரிசையில் அவனும் முதல் ஆள். தங்கை பயந்துபோய் டாக்டரிடம் காட்டினாள். இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பு வயது 12 என்றார், காத்திருங்கள் என்று அனுப்பிவிட்டார். டிவி விளம்பரத்து உயரப் பவுடரை வாங்கவேண்டாம் என்று நானும் சொன்னேன், மச்சான் கேட்காமல் இரண்டு டப்பா வாங்கி வைத்திருக்கிறார். பையன் அதைத் தொடுவதே இல்லை. குள்ளம் என்பதால் கிரிக்கெட் டீமில் அவனை விக்கெட் கீப்பராக நிறுத்தினார்களாம், இப்போது அவனை விட்டால் டீமில் கீப்பிங்குக்கு ஆள் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை கிளவுஸைக் கழற்றிக்கொண்டே கேட்டான்: "நான் வளந்துட்டா கீப்பிங்ல இருந்து எடுத்துருவாங்களா மாமா?"

எடுத்தால் வேகப்பந்து போடேன் என்றேன். முறைத்துவிட்டுப் போய்விட்டான்.